நாலாம் வார்டு மெம்பர் நிற்கலாமா?

செப்டம்பர் 3, புதன்

அப்பா பிரசிடெண்டுக்கு நிற்கலாமா, கூடாதா? ஊரே இதைத்தான் பேசுகிறது. எங்கள் வீட்டில் மட்டும் பேச்சு வேறு. ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஏன் சுற்றுகிறது என்று காலையில் பத்து நிமிடம் விசாரணை நடந்தது. குற்றவாளி நான்.

இது போன வருடத்து டைரி. "பேப்பர் நல்லாத்தான இருக்குது, கெழமைய அடிச்சுட்டு எழுது" என்று அப்பா கொடுத்தார். அடித்துவிட்டு எழுதுகிறேன். செங்கரட்டுப்பதி ஊராட்சியின் நாலாம் வார்டு உறுப்பினர் குழந்தைவேலு யார் என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

நான் யமுனா. வயது இருபத்து மூன்று. பி.காம். வங்கித் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பட்டா மாறுதல், பென்ஷன், சாதிச் சான்றிதழ். கையெழுத்து நன்றாக இருக்கும். கோபமும் நன்றாக வரும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பேப்பரில் அப்பா படம். 'ஊராட்சிப் பணத்தைக் காத்த உறுப்பினர்' என்று தலைப்பு. இரண்டு பத்திக்கு இழுத்திருக்கிறார்கள். படத்தில் அப்பா சிரிக்கவில்லை. சிரிப்பும் செலவு என்று நினைத்திருப்பார்.

ஐந்து வருடத்தில் அவர் வெட்டியதெல்லாம் அதில் வந்திருக்கிறது. மன்றக் கூட்டத்தில் டீ, பஜ்ஜி நின்றது. பிரசிடெண்ட் இரண்டாவது முறை கட்டப் பார்த்த வரவேற்பு வளைவு நின்றது. ஒரே மோட்டாரை நான்கு முறை ரிப்பேர் செய்ததாக வந்த பில்லைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசித்தார், கான்ட்ராக்டர் ஊரைவிட்டே போனான். தெருவிளக்கு விடிந்தபிறகு எரிவதில்லை. துப்புரவுக்காரர்கள் ஆறு பேராக இருந்தது நான்கு பேர் ஆனது. மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம் மிச்சம்.

அம்மா வாசித்துவிட்டு, "ஊட்டுல காப்பித்தூளக் கொறச்சது போடலியா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எனக்கே தெளிவாக வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

அவர் நிற்கலாம். இந்த ஊரில் பத்து ரூபாய் வாங்காத அரசியல்வாதி அவர் ஒருவர்தான். பில்லைப் படிக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். இப்போதைய பிரசிடெண்ட் கையெழுத்துப் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார், வெட்கத்தினால் அல்ல.

அவர் நிற்கக் கூடாது. அவருக்கு எதுவும் மாறக்கூடாது, செலவு மட்டும் குறையவேண்டும். அதுதான் அவருடைய முழு அரசியல். கிராமசபையில் பெண்கள் பேசினால் "கூட்டம் நீண்டுபோயிரும்" என்பார். நூலகத்துக்கு இடம் கேட்டபோது, "வாசிக்கறவன் ஊட்டுலயே வாசிப்பான்" என்றார். ஊர்ப்பணம் பெட்டியில் பத்திரமாக இருக்கவேண்டும், ஊர் எப்படிப் போனாலும் சரி. இப்படி ஒருவரைப் பிரசிடெண்ட் ஆக்கினால் ஐந்து வருடம் கழித்து ஊராட்சியில் நிறையப் பணம் இருக்கும், வேறொன்றும் இருக்காது.

எழுதி முடித்தபோது இரண்டு பக்கமும் சரியாகவே பட்டது. பேனாவில் மை தீர்ந்தது. அப்பா ரீஃபில் மட்டும் வாங்கச் சொன்னார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். பெண்கள் போவதில்லை. நான் தண்ணீர்க் குடம் எடுத்துக்கொண்டு மூன்று முறை அந்த வழியாகப் போனேன். எங்கள் வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது.

பேச்சை நடத்தியவர் துரைசாமி மாமா. மட்டை மில் முதலாளி. தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் மில். காலனியில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை.

"தேர்தல்னா செலவு. செலவுன்னா நம்ம மெம்பருக்கு ஆகாது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அதனால ஒருமனதா அவரையே விட்டுருவோம். போட்டியே வேண்டாம். ஏனுங் மெம்பரே, என்ன சொல்றீங்க?"

அப்பா எழுந்து, "யோசிச்சுச் சொல்றனுங்க," என்றார். நான் அறிந்து அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்ன எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தவிர. அதற்கு நன்றி.

செப்டம்பர் 15, திங்கள்

நிற்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரிக்கப்பட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

துண்டறிக்கை எழுதும் வேலை என்னுடையது. ஒரு பக்கம்தான் அனுமதி. 'சிக்கனமே சேவை' என்று தலைப்புப் போட்டேன். எனக்கே வாந்தி வந்தது, ஆனால் அச்சில் நன்றாக இருக்கும்.

சாக்கடை வேலை முடிந்த படம் ஒன்று வேண்டியிருந்தது. காலனிக்குப் போனேன். சாக்கடை முடிந்திருந்தது, அதற்குள் குப்பை மேடு தொடங்கியிருந்தது. துளசிமணி அக்கா மில்லிலிருந்து வந்துகொண்டிருந்தாள். முன்பு ஊராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவள். ஆறு நான்கானபோது போன இரண்டு பேரில் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். தலையெல்லாம் நார்த்தூசி.

"வாங்க அம்மிணி. போட்டோ புடிக்கவா? நல்லாப் புடிங்க, குப்பையோட மூஞ்சி தெரியற மாதிரி."

"வண்டி வர்றதில்லீங்களாக்கா?"

"வருது. வெசாலக்கெழமைக்கு வெசாலக்கெழமை. நாலு பேருல ஊர் பூராக் கூட்டி முடிச்சுட்டு, தெம்பு இருந்தா இங்க. இன்னைக்கு வெசாலந்தான். பாருங்க, தெம்பில்ல போல."

வீட்டுக்கு வந்து துண்டறிக்கையைக் கிழித்தேன். அப்பா செய்த வேலை இது. சம்பளத்தை வெட்டுகிறவருக்கு யார் வீட்டு வாசல் நாறும் என்று தெரியவேண்டாமா? இரண்டு பக்கம் திட்டி எழுதலாம். மை இருக்கிறது. ஆனால் வேண்டாம்.

பிறகு துண்டறிக்கையை மறுபடி எழுதினேன். துப்புரவு வரியை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா கவனித்துச் சேர்த்துவிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

அறிவிப்பு வந்துவிட்டது. செங்கரட்டுப்பதித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம். நாலாம் வார்டும் பெண்களுக்கே.

அப்பா ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்த் தானே பார்த்துவிட்டு வந்தார். பேருந்துக்குப் போக வரப் பதினெட்டு ரூபாய். ஒரே நாளில் பிரசிடெண்டும் இல்லை, மெம்பரும் இல்லை.

"சுழற்சி முறை. சட்டந்தான்," என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை. கீழே விழுந்த எதையும் எடுக்காத அப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

துரைசாமி மாமா காலையிலேயே வந்து வழி சொல்லிவிட்டார். எல்லா ஊரிலும் இருக்கும் வழிதான்.

"வசந்தா, நீ நிக்கோணும்," என்றார் அப்பா.

அம்மா தோசைக் கரண்டியோடு வந்தாள். "நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அப்ப நானெதுக்கு? என்ற கைய மட்டும் கூட்டிட்டுப் போங்க."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா உள்ளே போகும்போது, "ஜெயிச்சா மொதத் தீர்மானம் காப்பித்தூளுக்குத்தான். அதுக்கும் கையெழுத்து நான்தான போடோணும்?" என்றாள்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வேட்பாளருக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது. சும்மா பார்த்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுண்டல். ஒரு கோச்சிங் சென்டரிலிருந்து போன். எடுக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

காலை பத்து மணிக்குத் துளசிமணி அக்கா வாசலில் வந்து நின்றாள். மேசையை வெளியே தூக்கிவந்து போட்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கும்.

"ஒரு படிவம் எழுதோணும் அம்மிணி."

"பென்ஷனாக்கா? உங்களுக்கு அந்த வயசு ஆகலியே."

"பிரசிடெண்டுக்கு."

பேனா மூடியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? பொம்பளைங்களுக்குத்தான விட்டிருக்குது? நான் பொம்பளதான?"

"இல்லக்கா, அதுக்கில்ல..."

"ஆபீஸ்ல போய்க் கேட்டுப்போட்டுத்தான் வந்தேன். பஞ்சாயத்துச் சம்பளம் வாங்கறவங்க நிக்கக் கூடாதாம். நான் வாங்கறதில்லியே. வாங்காமப் பண்ணினது உங்கப்பாருதான. அவரு புண்ணியத்துல நிக்கறேன்."

எதற்காக நிற்கிறாள் என்று கேட்டேன். அவள் திட்டம் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடலாம், அவ்வளவு சின்னது. "தீர்மான நோட்டுல நாலு பேருன்னு எழுதியிருக்குது. அத ஆறுன்னு எழுதோணும். மனுக் குடுத்தா பாக்கலாம் பாக்கலாம்கறாங்க. ரெண்டு வருசமாப் பாக்கறாங்க. நானே போயி எழுதிக்கறேன்."

பெயர், வயது, முகவரி எழுதினேன். முன்மொழிபவர் என்ற இடம் வந்தது.

"ஆரு பேரு போடறதுக்கா?"

"அங்கதான் இடிக்குது. எங்க சனத்துல ஆரு போட்டாலும் மறுநா மில்லுல வேல போயிரும். என்ற கொழுந்தனே ரோசன பண்றான்." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் போறதுக்கு வேல இல்லீல்ல அம்மிணி?"

இவ்வளவு சரியாக இதுவரை யாரும் என் நிலைமையைச் சொன்னதில்லை. அலமாரியிலிருந்து வாக்காளர் பட்டியலை எடுத்தேன். என் வரிசை எண்ணைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் நானே சொல்லிவிட்டேன். பிறர் சொல்லிக் கேட்டால் இன்னும் மோசம்.

அப்பா கையை இலையில் வைத்தபடியே இருந்தார். "உங்கம்மாவ எதுத்தா?"

"அம்மாவ எதுத்து இல்லீங்கப்பா. உங்கள எதுத்து."

"என்னைய எதுக்க எனக்குத்தான் பதவியே இல்லியே."

"அம்மா கையில உங்க பேனாத்தான இருக்கப் போவுது? ரெண்டு பொம்பளைங்கள ஊட்டுக்கு அனுப்பிச்சு மிச்சம் புடிச்சேன்னு நோட்டீஸ் அடிக்கறீங்க. காலனியில போய் ஒரு நா மூச்சு இழுத்துப் பாருங்க."

"அது ஊர்ப்பணம் அம்மிணி. என்றதில்ல."

"ஊருன்னா காலனி இல்லீங்களா?"

அம்மா மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். அப்பா கடைசிப் பருக்கையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு குரல் உயர்த்தாமல் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"கணக்குப் போட்டது ஆரு? ஒருத்தர் ஒரு நாளைக்கு இத்தன ஊடு, மொத்தம் இத்தன ஊடு, ரெண்டு பேரு மிச்சம்னு டைப் அடிச்சுக் குடுத்தது ஆரு? நான் கையெழுத்துத்தான் போட்டேன்."

இதை இந்த டைரியில் எழுதவேண்டாம் என்று இருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு, பி.காம். கடைசி வருடம். அப்பா என்னிடம் முதல்முறையாக ஒரு வேலை கேட்டார் என்று பெருமையாக உட்கார்ந்தேன். வீட்டுவரிப் பட்டியலை எடுத்து வீடுகளை எண்ணி வகுத்தேன். அரை மணி நேர வேலை. காலனியின் நூற்றுப் பத்து வீடுகளுக்கு ஊராட்சி இதுவரை வரி ரசீது போட்டதே இல்லை, அதனால் அவை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத வீட்டில் குப்பையும் இல்லை என்று வந்துவிட்டது என் கணக்கு. அப்பா சரிபார்த்தார். வகுத்தல் சரியாக இருந்தது. "நல்ல வேல" என்றார். அன்று எனக்கும் அப்பளம் பொரிக்கப்பட்டது.

அக்டோபர் 6, திங்கள்

வீட்டில் யாரும் பேசவில்லை. பேச்சிலும் சிக்கனம்.

அக்டோபர் 7, செவ்வாய்

நாளை மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். துளசிமணி அக்கா போட்டோவும் டெபாசிட் கட்டிய ரசீதும் கொண்டுவந்தாள். மேசை அதே இடத்தில், வாசலில். வானம் கறுத்திருந்தது. அப்பா முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் படிவத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இரண்டு கட்சி அலுவலகம்.

துரைசாமி மாமா புல்லட்டில் வந்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங் மெம்பரே, உங்க வாசல்லயே உங்களுக்கு எதுராப் படிவம் எழுதறாங்க. உள்ள உக்காந்து கோலமா போடறீங்க? ஒருமனதுன்னு ஊர்ல பேசுனது என்னாச்சு?"

அப்பா வெளியே வந்தார்.

மாமா அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இப்போது வெல்லம். "துளசி, உனக்கு வேலதான வேணும்? நாளையிலிருந்தே வந்துரு. பஞ்சாயத்துல எடுத்துக்குவாங்க. நான் சொல்றேன்."

"ரெண்டு பேருக்குமுங்களா?"

"உனக்கு. மத்தவளப் பொறவு பாக்கலாம்."

"சம்பளம் வாங்கிட்டா நாளைக்கு நிக்க முடியாதுல்லீங்க?"

"எதுக்கு நிக்கோணும்? அதான் வேல வந்துருச்சே."

அக்கா யோசித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதச் சம்பளம், தூசியில்லாத வேலை. வேண்டாம் என்று சொல்லும்படி சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "அப்பிடிக் குடுக்க முடியாது துரைசாமி. தீர்மானம் இல்லாம ஆள் சேக்கச் சட்டத்துல எடமில்ல."

"அட, உங்களுக்காகத்தானுங்க சொல்றேன்!"

"ஆருக்காகச் சொன்னாலும் எடமில்ல." என்னிடம் கையை நீட்டினார். "படிவத்தக் கொண்டா."

கொடுத்தேன். கிழித்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. காகிதத்தைக் கிழிக்கிறவர் இல்லை அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"முன்மொழியறவர் வரிச எண் அறுநூத்தி நாப்பத்திரெண்டா?"

"ஆமாங்கப்பா."

"எந்தப் பட்டியல் பாத்த?"

"அலமாரியில இருந்தது."

"அது பழசு. புதுசுல நீ எழுநூத்திப் பதினொண்ணு. ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருக்குது. நான் போயிப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்."

"நம்ம ஊட்டுக்கு ஒரு புதுப் பட்டியல் வாங்கியிருக்கலாமில்லீங்களா?"

"நகலுக்கு எரநூறு ரூவா கேட்டான்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "மெம்பரே! நீங்க பேசாம இருந்திருந்தா இது தானாத் தள்ளுபடி ஆயிருக்குமே!"

"என்ற ஊட்டுலிருந்து தப்பான காயிதம் போகாது," என்றார் அப்பா.

முதல் துளி படிவத்தின்மேல்தான் விழுந்தது. அடுத்த நிமிடம் மழை. அப்பா காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கத்தினார். "நனையுது பாரு! உள்ள வாங்க, ரெண்டு பேரும் உள்ள வாங்க!"

நான் மேசையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா படியில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எத்தனையோ முறை எங்கள் வாசலைக் கூட்டியவள், நிலைப்படி தாண்டியதில்லை. அப்பாவுக்கு அது நினைவில் வந்ததா, வரவில்லையா, தெரியவில்லை. அவர் கவனமெல்லாம் மை ஊறிவிட்டதா என்பதில் இருந்தது. "அட, வா துளசிமணி, சாரல் உள்ள அடிக்குது," என்றார்.

வந்தாள். புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு காப்பி வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே மாதிரித் தண்ணிக் காப்பி.

மாமா உள்ளே வரவில்லை. மழையிலேயே புல்லட்டை உதைத்துக்கொண்டு போனார்.

அப்பா படிவத்தை மேசைமேல் விரித்து, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டார். காகிதம் காய்ந்து நான் எண்ணைத் திருத்த அரை மணி நேரம் ஆனது. அரை மணி நேரமும் சுற்றியது. நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரவு இந்த டைரியில் நான்காம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேசையை வெளியே போட்டதற்குக் காரணமாக 'வெளிச்சம் நன்றாக இருக்கும்' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 8, புதன்

காலையிலேயே இரண்டு மனுவும் போய்ச் சேர்ந்தன. துளசிமணி அக்காவும் அம்மாவும் இலவசப் பேருந்தைத் தவறவிட்டு ஒரே தனியார் பேருந்தில் போனார்கள். டிக்கெட் எடுத்தது அப்பா. இரண்டு டிக்கெட்டா, மூன்று டிக்கெட்டா என்று நடத்துனர் கேட்டபோது ஒரு நொடி யோசித்து மூன்று என்றாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "ஆருக்குங்க ஓட்டுப் போடுவீங்க?" என்று அக்காவே அம்மாவைக் கேட்டாளாம். "காப்பித்தூளு ஆரு தர்றாங்களோ அவிங்களுக்கு," என்றாளாம் அம்மா.

யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது. மில்லில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று என்று மதியம் செய்தி வந்தது. இதற்கு ஒரு மனு எழுதியாகவேண்டும். இந்த முறை யாரையும் விட்டுவிடாமல் எண்ணுவேன்.

நாலாம் வார்டுக்கு இதுவரை யாரும் மனுப் போடவில்லை. இன்று மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. இப்போது மணி மூன்று. துளசிமணி அக்கா கூடுதலாக வாங்கிவந்த படிவம் ஒன்று மேசையில் இருக்கிறது. என் வரிசை எண் எழுநூற்றுப் பதினொன்று. முன்மொழிய ஒருவர் வேண்டும். அம்மாவைக் கேட்டேன்.

"உங்கப்பங்கிட்டக் கேளு. எண்ணெல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம்."

கேட்கப் போகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு.